இரண்டாவது நடை

கொரோனா காலத்தில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு நான் பஸ் ஓட்டினேன். இது ஒரு போர் என்று டிவியில் சொன்னார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டது; கையுறைக்கு மட்டும் ஓய்வில்லை. அடுக்குமாடி வீடுகளிலிருந்து நாற்பது பெண்களைக் காலையில் ஏற்றிப்போவது என் வேலை. வரிசையாக ஓடும் கை வடிவ அச்சுகளிலிருந்து கையுறையை உரித்தெடுப்பவர்கள் அவர்கள். அச்சு நிற்காது. ஒருத்தி வந்து நின்றால்தான் இன்னொருத்தி இடத்தை விட்டு நகர முடியும்.

பஸ்ஸில் பாதிப் பேர்தான் உட்காரலாம் என்று உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் எனக்கு போன் செய்தார். இருபது பேர் போதுமாம். மற்றவர்கள் இடத்தில் தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் ஆள்களை நிறுத்திக்கொள்வாராம், நிரந்தரமாக.

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். யாரிடமும் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லை. மறுநாள் காலை அந்தப் பெண்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். விஷயம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பதினெட்டு வருடமாகக் கையுறை உரித்த அக்கா ஒருவர் ஜன்னலருகே வந்தார்.

“தம்பி, இருபது பேர இறக்கி விட்டுட்டுத் திரும்பி வாங்க. நாங்க இங்கயே நிக்கிறோம்.”

ஒரு மணி நேரம் பிந்திவிடுமே, அதற்குள் உங்கள் இடத்தில் வேறு ஆள் நின்றுவிடுமே என்று முனகினேன்.

“ராத்திரி ஷிப்ட் பொண்ணுங்ககிட்ட பேசியாச்சு. நாங்க வர்ற வரைக்கும் எடத்த விட்டு நகர மாட்டாங்க. சாயங்காலம் அவங்க லேட்டா வரட்டும், அந்த நேரத்த நாங்க நின்னு ஈடுகட்டிருவோம். நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க லா.”

“அண்ணன் வாயத்தான் தொறக்க மாட்டாரு, கதவயாவது தொறக்கட்டும்,” என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவைத் திறந்தேன்.

இரண்டாவது நடையில் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் தொழிற்சாலையின் அனுமதிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போக விட்டார். தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது விடுதி ஆள்கள் சுவரோரம் காத்து நின்றார்கள். இரவு முழுதும் வேலை செய்த பெண்களில் மீதி இருபது பேரும் ஒருத்தி விடாமல் அச்சுகளின் முன்னால் நின்று உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நேராகப் போய் ஒருத்தியின் தோளைத் தொட்டார். அவள் நகர்ந்தாள், அவர் நின்றார். ஒரு கையுறைகூடத் தவறவில்லை.

யாரைக் கேட்டு இரண்டு நடை ஓட்டினாய் என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

“நாளைக்கும் ரெண்டு நடதான், பாஸ்,” என்றேன்.

அவர் வரிசையை ஒருமுறை பார்த்தார். காலி இடம் ஒன்றும் இல்லை. விடுதி ஆள்களைத் திரும்பிப் போகச் சொன்னார். முதல் நடையில் வந்தவர்கள் மாற்றிவிட்ட இரவு ஷிப்ட் பெண்கள் இருபது பேர் வீடு திரும்ப பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். நான் வண்டியைக் கிளப்பினேன்.