லெஸ் ட்ரெவேனாவுக்குக் கிடைத்த ஒரே கட்டி

பழைய தங்கச் சுரங்க ஊரான எங்கள் டனோலிப் பக்கத்து இரும்புப்பட்டை மரக்காட்டில் பதினோரு வருஷமாக மெட்டல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டு திரிந்தும் லெஸ் ட்ரெவேனாவுக்கு ஒரு குண்டுமணித் தங்கம் கிடைத்ததில்லை. கிடைத்ததெல்லாம் லாட ஆணி, பீர் பாட்டில் மூடி, முயல் சுட்டவர்கள் விட்டுப்போன ஈயக் குண்டு. ஒரு தடவை யாருடைய பல்செட்டிலோ இருந்த கம்பி. அதை எடுத்த அன்றைக்கு மனிதர் அரைமணி நேரம் கோடீஸ்வரராக இருந்தார்.

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பிள்ளைகளின் கூச்சலைச் சகித்தவருக்கு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மண்ணின் முனகலைக் கேட்பது பெரிய சுகமாக இருந்தது. சுகம் அவருக்கு, எரிச்சல் மனைவி பெவ்வுக்கு. முதல் சில வருஷம் பெவ் சிரித்தார். பிறகு திட்டினார். கடைசியில் எதையும் கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் லெஸ்ஸுக்குத் தாங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில், ஜூலையில் ஒரு நாள், ஆட்டுக்கறி சாப்ஸ் பரிமாறிக்கொண்டே பெவ் தீர்ப்பைச் சொன்னார்.

"ஆகஸ்ட் முடியறதுக்குள்ள ஒரு துளித் தங்கம் காட்டு. இல்லன்னா மெஷினை வித்துட்டு டாஸ்மேனியாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போறோம். ஒரு மாசம்."

"ஒரு மாசமா? உங்க அக்கா வீட்லயா?"

"ரெண்டு மாசம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்."

லெஸ் ஒத்துக்கொண்டார். மெஷின் போனால் போகட்டும், அக்காவையும் எப்படியோ தாங்கிவிடலாம். ஆனால் பதினோரு வருஷமும் தான் பைத்தியக்காரனாகச் சுற்றவில்லை என்று பெவ் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவருக்கு உள்ளூர அந்த ஏக்கம்தான்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி, பழைய சுரங்கக் குழிகளைத் தாண்டிய ஓடையில், டிடெக்டர் குழைந்து ஒரு சத்தம் போட்டது. ஈயத்துக்கும் அது அப்படித்தான் குழையும் என்பதால் லெஸ் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முழங்கை ஆழம் தோண்டினார். செம்மண் அப்பிய ஒரு கட்டி வந்தது, மொச்சைக்கொட்டை அளவு. உள்ளங்கையில் வைத்தார். அந்த அளவுக் கல்லுக்கு அவ்வளவு கனம் இருக்காது. எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தார். மஞ்சள்!

ஐயோ! கத்த வேண்டும் போல வந்தது அவருக்கு. ஆனால் எங்கள் ஊரில் தங்கம் எடுத்தவன் கத்தினால், மறுநாள் விடியும்போது அந்த ஓடையில் இருபது மெஷின் நிற்கும். அதனால் தொப்பியைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். அந்தக் கோலத்தில் நிற்கும்போது பின்னால் சுள்ளி முறிந்தது.

வந்தவர் கிளைவ். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். டிடெக்டரும் உண்டு, மீன்பிடிப் பைத்தியமும் உண்டு. லெஸ் சட்டென்று கட்டியை இடுப்பிலிருந்த குப்பைப் பைக்குள் தள்ளிவிட்டார். தோண்டிய ஆணியையும் ஈயத்தையும் காட்டிலே போடாமல் பையில் கட்டிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். போட்டால் அடுத்த வாரம் அதையே திரும்பத் தோண்ட வேண்டியிருக்கும்.

"என்னப்பா, தொப்பியையா திங்கற? பெவ் சோறு போடலியா?" என்றார் கிளைவ்.

"ஈ. வாய்க்குள்ள பூந்துருச்சு."

"குளுருல ஏதுய்யா ஈ? சரி, ஏதாச்சும் தட்டுப்பட்டுதா?"

"ஈயம்தான். எனக்கு வேற என்ன தட்டுப்படும்?"

"அப்ப குடு."

லெஸ்ஸுக்கு உயிரே போய்விட்டது. தோண்டிய ஈயத்தையெல்லாம் கிளைவிடம் கொடுப்பது வருஷக்கணக்காக நடப்பது. அதை உருக்கித் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு வார்ப்பார் கிளைவ். இன்றைக்கு மட்டும் மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? உள்ளே தங்கம் இருக்கிறது என்று போர்டு எழுதி மாட்டியதாக அர்த்தம். ஆகவே லெஸ் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே பையை அவிழ்த்து, தன் வாழ்நாள் தங்கத்தைக் கிளைவ் கையிலிருந்த வாளியில் கொட்டினார். அது விழுந்த சத்தம் அவருக்குத் தனியாகக் கேட்டது.

ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மூன்று மணிக்குக் கிளைவ் புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் ஆடப் போவார், ஷெட்டுக்குப் பூட்டுக் கிடையாது, பொறுக்கிக்கொள்ளலாம். அவசரம் காட்டக்கூடாது என்பதற்காக இன்னும் ஒரு மணி நேரம் காட்டிலேயே நின்று, வேறு இடத்தில் வெட்டியாக இரண்டு குழி வேறு தோண்டினார். அந்தச் சாமர்த்தியம்தான் அவரைக் கவிழ்த்தது.

வீடு திரும்பும்போது கிளைவின் ஷெட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எழுபத்தொரு வயசில் லெஸ் வேலி தாண்டினார். கால்சட்டை கிழிந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"பௌல்ஸுக்குப் போகலியா நீ?"

"சனிக்கெழமை ஏரியில போட்டி இருக்கே! குண்டு வேணாமா? வா, இன்னிக்கு ஈயம் பிரமாதமா உருகுது." கிளைவ் பழைய சட்டியைக் கரண்டியால் துழாவி, மேலே மிதந்த கசடை வழித்துப் போட்டார். "மண்ணு, கல்லு எல்லாம் எப்படி மேல வந்துருச்சு பாரு."

தங்கம் மேலே வராது. அடியில் போய், டீயில் போட்ட சர்க்கரை மாதிரி ஈயத்தோடு கரைந்துவிடும். டிடெக்டர் பிடித்த எவனுக்கும் இது தெரியும்.

"ஈயமில்லாததெல்லாம் பொறுக்கி எடுத்தியா?" லெஸ் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"காந்தத்தை ஓட்டினேன். ஒட்டினது குப்பைக்கு, ஒட்டாதது சட்டிக்கு. ஏன், புதுசா கேக்கற?"

லெஸ் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் நாளைக்குக் கிளைவ் அந்த ஓடையில் கூடாரம் போட்டுவிடுவார். அதனால் வேறு வழியாக வந்தார்.

"எனக்குக் கொஞ்சம் குண்டு குடேன்."

"நீ எதுக்கு? உனக்கு மீன் வாடையே ஆகாதே!"

"கத்துக்கலாம்னு பாக்கறேன்."

கிளைவ் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டியைக் காலியாக வார்த்து ஆறவைத்த அறுபது குண்டில் மூன்றை எண்ணிக் கொடுத்தார். மிச்சமெல்லாம் சனிக்கிழமை ஏரிக்குள் போகப் போகிறவை.

சமையலறை மேஜையில் அந்த மூன்று ஈயக் குண்டையும் வைத்து, லெஸ் நடந்ததைச் சொன்னார். பெவ் பரங்கிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டார். பிறகு ஒரு குண்டை விரலால் உருட்டினார்.

"இதுதான் தங்கமா?"

"இதுக்குள்ள கலந்து கெடக்கு, பெவ்."

"பரவால்ல லெஸ். பதினோரு வருஷத்துல நீ சொன்னதுலயே இதுதான் நல்ல கதை."

அழக்கூடாது என்று நினைத்தும் லெஸ்ஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையில் இருந்தது போனது கூட அவருக்குப் பெரிதில்லை, பெவ் நம்பாததுதான் பெரிதாக இருந்தது.

"கதை இல்ல. சத்தியமா கெடச்சுது. என் கையில இருந்துது."

பெவ் கத்தியைக் கீழே வைத்தார். "சரி, எங்க கெடச்சுது?"

"அது வந்து... கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாடி. அந்த வெள்ளை மணல் மேட்டுல."

சொல்லிவிட்டு ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தார். பெவ் அவர் பூட்ஸைப் பார்த்தார். கணுக்கால் வரை செம்மண். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்து கிடந்தன.

"பொய் சொல்ற."

"இல்லியே."

"வாராவாரம் எங்க போனேன்னு கேக்காமலே சொல்லுவ. எந்த மரம், எந்தக் குழி, எத்தனை ஆணின்னு ஒப்பிப்ப, காது புளிச்சுப்போகும். இன்னிக்கு ஒரு நாள்தான் கட்டின பொண்டாட்டிகிட்டயே எடத்தை மாத்திச் சொல்ற." பெவ்வின் குரல் தழுதழுத்து, பிறகு ஒரேயடியாக உயர்ந்தது. "அடப்பாவி மனுஷா, நெஜமாவே தங்கம் எடுத்திருக்க நீ!"

கத்தியபிறகுதான் உறைத்தது. பெவ் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, ஓடிப்போய்க் கிளைவ் வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.