இறக்கத்தில் கழன்ற கியர்

பணிமனைப் பொறியாளராக ஓய்வு பெற்றவனுக்கு உறவுக்காரர்கள் தரும் மரியாதை இரண்டு வகை. கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி. மற்ற நாட்களில், வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் ஒரு ஃபோன். என் தங்கையின் கணவர் அந்த ஃபோனையும் பல மாதங்களாகச் செய்யவில்லை. மச்சானுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம்.

அவர்களுக்கு மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலைச்சரிவில் ஒரு பாக்குத் தோப்பு. தார் ரோடு முடிந்தபின் கல்லும் குழியுமாக ஒரு பாதை. பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் இருவரும் தினமும் ஏறி இறங்குவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்போடு சரவணம்பட்டிக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். கியர் கொஞ்சம் முரண்டு பண்ணுகிறது என்றார் மாப்பிள்ளை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் காப்பியை முடித்துவிட்டு முறைப்படி ஆரம்பித்தேன். முதலில் கேள், பிறகு பார், பிறகு ஓட்டு, கடைசியில்தான் ஸ்பேனரைத் தொடு. முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அது.

"கிளட்ச்சை முழுசா மிதிச்சாலும் கரகரன்னுதான் விழுதுங்களா மாப்பிள்ளை?"

"ஆமாங்க."

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது அதிகமா என்றேன். அதற்கும் ஆமாங்க. பெடலை மிதித்தால் சத்தம் மாறுகிறதா என்றேன். ஆமாங்க. எங்கள் பக்கத்தில் மனைவியின் அண்ணன் கேட்டதற்கு மாப்பிள்ளை இல்லை என்று சொல்வதில்லை. மாப்பிள்ளையிடம் ஒரே கேள்வியை மச்சான் இரண்டு தடவை கேட்பதும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்குள்ளும் பதிலையும் நானே வைத்துக் கொடுத்தேன். அவர் அதை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். நான் அதை அறிகுறி என்று எழுதிக்கொண்டேன்.

தெரிந்த பட்டறையில் என் கண் முன்னாலேயே கிளட்ச் கேபிள் மாற்றினார்கள், கியர் ஆயில் மாற்றினார்கள். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் வழவழப்பான ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாக் கியரும் சொன்ன பேச்சுக் கேட்டது. திரும்பி வந்து, சரியாகிவிட்டது, இனிப் பயமில்லாமல் போங்கள் என்றேன். வாசலில் நின்ற தங்கையும் அதைக் கேட்டாள்.

மூன்றாம் நாள் இறக்கத்தில் கியர் கழன்று ஜீப் நியூட்ரலில் ஓடியிருக்கிறது. பிரேக்குக்கு அடங்கவில்லை. பள்ளத்தின் பக்கம் போகாமல் மாப்பிள்ளை மண்மேட்டில் திருப்பி மோதியிருக்கிறார். அவருக்கு உதட்டில் காயம். தங்கைக்கு வலது தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் சொன்னதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை.

"இறக்கத்துல ரெண்டாவது கியர் கழண்டுக்கும்ணா. ஆறு மாசமா அந்தக் கியர் குச்சிய நாந்தான் ரெண்டு கையிலயும் அமுக்கிப் புடிச்சுட்டு வருவேன். நீங்க சரியாயிருச்சுன்னு சொல்லிப்போட்டீங்க. அதுக்கப்புறந்தான் புடிக்கல."

வெளியே வந்து மாப்பிள்ளையிடம், ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கிளட்ச்சுன்னு சொன்னீங்க. நான் எப்படீங்க மச்சான் அது இல்லைன்னு சொல்றது?"

திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எனக்கு டீ வாங்கி வரப் போனார்.

அடுத்த வாரம் பட்டறையில் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒரு பின்சக்கரத்தை மட்டும் கல்மேல் ஏற்றி, மலைப்பாதையில் முறுக்கிக்கொள்வதுபோல ஜீப்பை முறுக்கி நிறுத்தினேன். அடியில் படுத்துப் பார்த்தேன். கியர் பெட்டியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் ரப்பர் மவுண்டிங் இரண்டாகக் கிழிந்திருந்தது. இடைவெளியில் யாரோ டயர்த் துண்டைச் செருகியிருந்தார்கள். சமதரையில் பெட்டி சாதுவாக உட்கார்ந்திருக்கும். சக்கரம் குழியில் இறங்கினால் பெட்டி ஒருபக்கம் சாய்ந்து, கியர் குச்சி தரைத்தகட்டில் இடித்து, கியர் கழன்றுவிடும். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எங்கே கழல்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதற்கு ஆமாங்க என்று பதில் சொல்ல முடியாது. கோளாறு வரும் இடத்தில்தான் வண்டியைச் சோதிக்க வேண்டும் என்பது நானே எழுதிப் பணிமனைச் சுவரில் ஒட்ட வைத்த விதி.

புது மவுண்டிங் போட்டு, அந்த இறக்கத்தில் காலி ஜீப்பை நானே மூன்று முறை ஓட்டினேன். குழியில் இறங்கும் இடத்தில் குச்சியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் கியர் தானாக நிற்கிறதா என்று தெரியும். மூன்று முறையும் நின்றது. மேலே, கழுத்துத் துணியில் கையைத் தொங்கவிட்டு நின்ற தங்கை, சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.

"மூணு தடவை நின்னுச்சு கண்ணு."

"அப்ப நாலாவதுக்கு நான் வாரேன்."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். குழி வந்தது. என் இடது கை குச்சியை அழுத்திப் பிடித்திருந்தது.

"கைய எடுங்கண்ணா. தானா நிக்குதான்னு பாக்கோணுமில்ல."

முறை அதுதான். கடைசி வளைவு தாண்டித் தார் ரோடு வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.