துக்க வீட்டில் ஒரு ஜப்பான் பாட்டு

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் எங்கள் வீட்டில் பாட்டே கிடையாது. தலைத் திவசம் முடிகிறவரை டிவி போடக்கூடாது என்று அத்தை, அதாவது அவருடைய அம்மா, பழைய போர்வையை எடுத்து டிவியின் மேல் போர்த்திவிட்டார். கேபிள்காரர் வந்து நின்றபோது, "சாவு வூடுப்பா, அடுத்த வருசம் வா" என்று திருப்பி அனுப்பினார். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. டிவி ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். சோறும் அப்படித்தான் இருந்தது.

படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நான் அழவில்லை. வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். வரவில்லையே, என்ன செய்ய? ஒப்பாரியில் ஒருத்திக்குத் தொண்டை அடைத்தால் பக்கத்தில் இருப்பவள் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்வாள். அப்படியே சுற்றி வந்தது, என்னிடம் வந்ததும் அறுந்துபோனது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். கடைசியில் என்னைத் தாண்டி அத்தைதான் எடுத்தார். "கல்லு மாதிரி குந்திக்கினு இருக்குது பாரு" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்திருந்தேன். அதை வைத்து என் அண்ணன் திண்டிவனத்தில் ஒரு ஜப்பான் மொழி வகுப்பில் சேர்த்துவிட்டான். தேறினால் அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. வேலையைப் பற்றி எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அந்த வீட்டையும் அந்தக் கட்டிலையும் விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறினேன்.

வகுப்பு நடத்திய அம்மா ஜப்பானில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். டீச்சர் என்று கூப்பிட்டால் முறைப்பார், சென்செய் என்றுதான் சொல்லவேண்டும். இலக்கணமெல்லாம் ஓரளவு வந்தபிறகு ஒருநாள், "பாட்டு தெரியாம அங்க போனா பேஜாருதான்" என்று ஆரம்பித்தார். அங்கே முதியோர் இல்லங்களில் மத்தியானம் கரோக்கி வைப்பார்களாம். இசை மட்டும் ஓடும், திரையில் வரி ஓடும், தாத்தா பாட்டிகள் மைக்கைப் பிடித்துப் பாடுவார்கள். கூடவே நாமும் பாடவேண்டும்.

"இப்ப வர்ற குதிக்கிற பாட்டெல்லாம் வேணாம். அவங்க வயசுல இருந்தப்ப பொம்பளைங்க பாடினது வேணும். மெதுவா, அடிக்குரல்ல. துறைமுகம், பனி, கப்பலு, வராத ஆம்பள. எல்லாம் இதேதான்."

"நம்ம ஊருன்னா வெயிலு, பஸ் ஸ்டாண்டு, வராத பஸ்ஸு" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வரவேண்டிய இடம்தான் அது.

பாட்டைத் தேர்ந்தெடுக்கவும் பாடவும் சென்செய் சொன்ன வழி எளிது. தொடக்கத்தை எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் பிடி, இல்லையென்றால் நடுவில் ஏறும்போது தொண்டை கிழியும். திரையில் நிறம் மாறிக்கொண்டே போகிற எழுத்தைப் படிக்க நேரம் கொடுக்கிற பாட்டாகப் பார். வரி முடிகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் ஆட்டு. நான் குரலை ஆட்டாமல் நேராகப் பாடினேன். பாட்டைக் கேட்டு மார்க் போடுகிற போன் செயலி எனக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டது. சென்செய் உதட்டைப் பிதுக்கினார். "மார்க்கு வந்துடுச்சி. பாட்டு வரலையே."

நான் எடுத்த பாட்டின் அர்த்தம் இதுதான். ஜப்பானில் வெளியே கிளம்புகிறவர் காலை நுழைத்துக்கொண்டு போக வசதியாக, செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். புருஷன் போய்விட்ட ஒருத்தி, அவன் விட்டுப்போன செருப்பை வீட்டுக்குள் பார்த்தமாதிரி திருப்பி வைக்கிறாள், இப்போதுதான் உள்ளே வந்தான் என்று. சென்செய் இதைச் சொன்னபோது இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் அவருடைய செருப்பு தெருவைப் பார்த்தபடி அப்படியே கிடந்தது. அத்தை யாரையும் தொடவிடவில்லை. அதை நினைத்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சொற்களை மனப்பாடம் செய்தேன்.

வாய்விட்டுப் பாடினால்தான் பாட்டு வரும். துக்க வீட்டில் எப்படிப் பாடுவது? துணி துவைத்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தேன். எதிர்வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டார்.

"இன்னாம்மா இது, வருசம் திரும்பல, மருமவ பாட்டு பாடிக்கினு இருக்குது?"

அத்தை சட்டென்று வெளியே வந்தார். "பாட்டா? அது ஜப்பான் பாடம். வேலைக்குப் படிக்குது. உனக்குப் புரிஞ்சிச்சா? புரியல இல்ல? அப்புறம் எப்புடி அது பாட்டு?"

அந்த அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அன்று முதல் என் பாட்டுக்குத் தடையில்லை. காலையிலும் பாடம், சாயங்காலமும் பாடம். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்பார்.

ஜப்பான் வேலைக்கான நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் மல்லாட்டை உரித்துக்கொண்டு இருந்தோம். முகையூரிலிருந்து நாத்தனார் கொடுத்தனுப்பிய வேர்க்கடலை.

"அந்தப் பாடத்துல இன்னாதான்டி சொல்றா?" என்று கேட்டார்.

சொன்னேன், செருப்பு உள்பட. அத்தை தலை நிமிரவே இல்லை. முறம் நிறைகிறவரை உரித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் நேர்காணல் போனில், வீடியோவில். திரையில் அந்த இல்லத்தின் தலைவி, வயதான அம்மா. பக்கத்தில் மொழிபெயர்க்கிற ஒரு தமிழ்ப் பெண். திக்காமல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு பாட்டு கேட்டார்கள். அத்தை கதவோரம், படத்தில் விழாத இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

தாழ்வாக ஆரம்பித்தேன். முதல் பகுதி நேராகப் போனது. செருப்பு வருகிற வரிக்குப் போகும்போது கண் வாசல் பக்கம் போனது. என் வீட்டுக்காரர் செருப்பு இரண்டும் திரும்பியிருந்தன. வீட்டுக்குள் பார்த்தபடி, ஒன்றையொன்று ஒட்டி.

தொண்டை அடைத்துக்கொண்டது. குரல் ஆடியது, சென்செய் கேட்ட ஆட்டம் இல்லை இது. அடுத்த சொல் வரவில்லை. வேலை போச்சு என்று தெரிந்தது, வாயைத் திறந்தால் சத்தம்தான் வந்தது. அத்தனை மாசமாக எங்கே இருந்ததோ, அத்தனையும் வந்தது.

கதவோரத்திலிருந்து அத்தை எடுத்தார், நான் விட்ட சொல்லிலிருந்து. பாதிச் சொல் தப்பு. ராகம் ஒப்பாரி ராகம், ஒவ்வொரு வரியின் கடைசியும் நீண்டு நீண்டு இழுபட்டது. மாரில் ஒரு கையை வைத்துக்கொண்டு முடிகிறவரை பாடினார். திரையில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பாடியது யார் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரரின் அம்மா என்றேன். இல்லத் தலைவி நிறைய நேரம் பேசினார். மொழிபெயர்த்த பெண், "உங்களை வரச் சொல்றாங்க. அவங்க இல்லத்துப் பெரியவங்களும் இப்படித்தான் பாடுவாங்களாம்" என்றாள். போன் நின்றது.

"இன்னா சொன்னாங்க?"

"கூப்பிடறாங்க அத்தை."

"நல்லது. போ." சுவரில் மகன் படத்தைப் பார்த்தார். பிறகு, "சாவு வூட்ல பாட்டு பாடிட்டேனேடி" என்றார்.

"பாட்டு இல்ல அத்தை, பாடம்" என்றேன்.

"போடி" என்றார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து நன்றாக அழுதோம்.