பெண் பார்க்க வந்த அன்று கேட்ட கேள்வி

எனக்கு மனச்சிதைவு நோய். தினமும் காலை பத்து மணிக்கு என் போனில் இருக்கும் ஆப், "இன்று குரல்கள் கேட்டனவா?" என்று விசாரிக்கும். பதில் உத்திரமேரூர் டாக்டருக்குப் போகும். எனக்கு வரன் தேடத் தொடங்கியதும், ஊர் வாய்க்குப் பயந்து அண்ணியே போனை வாங்கி "இல்லை" என்று அழுத்தி வந்தாள். அதை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். குரல்கள் கூடின.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் காபித் தட்டோடு நின்றபோது, பத்து மணிக் கேள்விக்காகப் போன் மணி அடித்தது. அண்ணி பாய்ந்து எடுக்கப் போனாள்.

"வுடு அண்ணி. என் காதுல தானே கேக்குது?"

காபித் தட்டை அவள் கையில் திணித்தேன். கேள்வியைச் சத்தமாகப் படித்து, "ஆம்" என்று அழுத்தினேன்.

"காபி ஆறிக்கினு கீது, குடிங்க," என்றேன்.