கணக்கில் சேராத தலை

முப்பத்தெட்டு. இந்த எண்ணை மறக்க வேண்டாம். காலை ஏழே முக்காலுக்குத் தனியார் பள்ளியின் பேருந்துக்குள், எஞ்சின் அதிர்வில் ஆடுகிற நடைவழியில் கால் ஊன்றி, இரண்டு விரலால் ஒவ்வொரு பிள்ளையின் தலையாகத் தொட்டு எண்ணுகிறாள் ஆயா. கடைசித் தலை தொட்டதும் "முப்பத்தெட்டு, ரைட்டு!" அந்தக் குரல் வராமல் ஓட்டுநர் கியரைத் தொடமாட்டார். பதினொரு வருடத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. ஓட்டுநர் அவளைக் கூப்பிடுவதே "ஏ முப்பத்தெட்டு" என்றுதான்.

அந்தக் கணக்கில் ஓட்டுநர் சேரமாட்டார், ஆயாவும் சேரமாட்டாள். "நம்மள எதுக்குண்ணே எண்ணணும்? நாம இந்த வண்டியோட உதிரி பாகம்" என்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நாலாம் வரிசையில் சன்னலோரம் உட்காரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம், "நோட்டக் குடு கண்ணு, கையெழுத்து எப்படியிருக்குன்னு பாக்கறேன்" என்று வாங்குவாள். பார்ப்பது கையெழுத்தை அல்ல, பாடத்தை. உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்து, வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி வீடுவரை கொண்டுபோவாள். அவள் மகளும் ஏழாவதுதான். ஆனால் அரசுப் பள்ளியில். ஒரே அறையில் அறுபத்தொரு பிள்ளைகள், மூன்று மாதமாகக் கணக்கு வாத்தியார் இல்லை.

"பின்னத்துல கீழ இருக்கறது ஒண்ணா இருந்தாத்தான் கூட்டணுமாம்டி."

"கீழ இருக்கறதுக்குப் பேரு என்னம்மா?"

"பேரு வழியில விழுந்துடுச்சு. நாளைக்கு எடுத்துட்டு வரேன்."

மகள் பள்ளிக்குப் போவது நடந்து. அதே சாலை, அதே நேரம். பேருந்து தினமும் அவளைத் தாண்டிப் போகிறது. "நம்ம தெரு வழியாத்தானே போறே, ஏம்மா நிக்கறதில்ல?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி கிளம்புமுன் ஓட்டுநர் செய்தித்தாளை உரக்கப் படித்தார். தனியார் பள்ளிகளை ஒழிக்கும் மசோதா சட்டசபைக்கு வந்துவிட்டது. பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே பள்ளி, ஒரே பேருந்து. கட்டடத்தையும் வண்டியையும் அரசு எடுத்துக்கொள்ளும். ஊழியரையும் எடுத்துக்கொள்ளும், எட்டாம் வகுப்பு தேறியிருந்தால்.

"நீ எட்டாவதுதானே?"

"சேரும்போது அப்படித்தாண்ணே சொன்னேன்."

"நெசமா?"

"அஞ்சு."

ஓட்டுநர் பேப்பரை மடித்தார். "உனக்குச் சீட்டு போச்சு. எனக்கு? எடுத்துக்குவாங்கன்னு பேப்பர்லதான் இருக்கு. பள்ளிக்கூடத்த மூடிட்டா பஸ்ஸக் கடல்லயா ஓட்டுவேன்?"

விஷயம் இதுதான். சட்டம் வந்தால் மகள் இந்தப் பேருந்தில் ஏறுவாள், அம்மா இறங்க வேண்டும். வராவிட்டால் அம்மா பேருந்தில், மகள் ரோட்டில்.

அன்றைக்கு எண்ணி முடித்தவள் சொன்னாள்: "முப்பத்தொம்பது."

கியருக்குப் போன கை பாதியில் நின்றது. ஓட்டுநருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கொறஞ்சாத் தேடலாம். கூடினா என்னம்மா பண்றது? யாரு வூட்டுப் புள்ள?" பைகளை விலக்கி, இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். மறுபடி எண்ணினால் முப்பத்தெட்டுதான். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் பார்த்தபோது, சாலையோரம் பள்ளிப்பை தோளில் தொங்க ஒரு சிறுமி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"யாரத் தொட்ட?"

"கை தொடலண்ணே. கண்ணு தொட்டுடுச்சு."

அதன்பிறகு ஒவ்வொரு நடைக்கும் இரண்டு தடவை எண்ணினாள். விரலை அழுத்தி வைத்தாள். "ஆயா, குத்துது" என்றது ஒரு குட்டித் தலை.

ஞாயிற்றுக்கிழமை பேருந்துக் கொட்டகையில் பள்ளி ஊழியர் சங்கக் கூட்டம். மசோதாவை ஆதரிப்பதா, வேண்டாமா? ஊழியர் சங்கங்கள் எதிர்த்தால் மசோதா நிற்காது என்று பேச்சு. நூற்று இருபத்தேழு பேர். வாசலில் பள்ளி மேலாளர் போனைப் பார்ப்பதுபோல நின்றார். போன் அணைந்திருந்தது.

சங்கச் செயலாளர் மசோதாவை ஆதரித்து அரைமணி நேரம் பேசினார். முடித்ததும் அவள் எழுந்தாள்.

"அண்ணே, எட்டாவது தேறாதவங்க?"

"அந்த ஷரத்த மாத்தப் போராடுவோம்மா."

"எப்போ? நான் வெளிய போனப்புறமா?"

கொட்டகை சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. நல்ல மசோதாவில் ஒரு கெட்ட ஷரத்து. அதைச் சொல்லியே மேலாளர் அத்தனை பேரையும் மிரட்டிவைத்திருந்தார்.

"ஆதரிக்கறவங்க கை தூக்குங்க. எண்ணும்மா."

சங்கத்தில் எப்போதும் எண்ணுவது அவள்தான். அதனால் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. "எண்ணுற கை எப்படித் தூக்கும்?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். ஓட்டுநர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். "தெரியாத்தனமாத் தூக்கிடப் போகுது, அதான்" என்றார்.

அவள் வரிசை வரிசையாக நடந்தாள். கை தூக்கியவர்களை மட்டும், பேருந்தில் போலவே, தலையைத் தொட்டு எண்ணினாள். "கொண்டையக் கலைக்காதடி" என்றாள் பெருக்குகிற அக்கா. மூன்றாவது வரிசையிலேயே தெரிந்துவிட்டது, தீர்மானம் தோற்கும். மேலாளருக்கும் தெரிந்துவிட்டது, போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். அவள் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

"நாப்பத்தொண்ணு" என்றாள்.

செயலாளர் பேனாவை எடுத்தார். "எழுதிக்கவா?"

"இருங்கண்ணே."

வாசலைப் பார்த்தாள். மேலாளரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலைத் தூக்கித் தன் தலைமேல் வைத்தாள்.

"நாப்பத்திரெண்டு."