மதகைத் திறந்தவள்

சிங்கப்பூரிலிருந்து அப்பா கொண்டுவந்த கம்ப்யூட்டர் அண்ணனுக்கு மட்டும்தான். அவன் கிரிக்கெட் ஆடப் போகும் மாலைகளில் நான் அதைத் தொட்டேன். மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் விளையாட்டு ஒன்றை எழுதி, கேசட்டில் பதிந்து வைத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ பழைய சாமானோடு எடைக்குப் போய்விட்டது. போன பொங்கலுக்குத் தஞ்சாவூர் வீட்டில், லேப்டாப்பைப் பழைய கம்ப்யூட்டராகவே இயங்க வைக்கும் எமுலேட்டரில் அண்ணன் அந்தக் கேசட்டில் இருந்ததை ஏற்றினான். என் வயல் திரையில் விரிந்தது.

"அப்பா பத்தாவது படிக்கறப்ப எழுதுனது" என்றான் தன் மகளிடம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினான். அதுதான் தாங்க முடியவில்லை. பட்டா அவன் பெயரில் இருந்தால் நாற்று நட்டதும் அவன்தான் என்று ஆகிவிடுமா?

"மதகு எப்படிப்பா திறக்கும்?" என்று மகள் கேட்டாள். அவன் ஒவ்வொரு பட்டனாகத் தட்டினான். திரையில் பயிர் காய்ந்துகொண்டிருந்தது.

"சைபரை அழுத்து" என்றேன். தண்ணீர் பாய்ந்தது.

"அட, உனக்கு இன்னும் ஞாபகமிருக்கா?" என்றான் அண்ணன்.

"எழுதுனவளுக்கு மறக்குமாண்ணே?"

அவன் மகள் லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரோகிராமைத் திறந்து முதல் வரியில் என் பெயரைத் தட்டினேன்.

பாவாடை கட்டிய வயதிலேயே எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் இது.