ஊசி சிக்கினால் சொத்தை

அடுத்தவர் வாய்க்குள் பார்த்துச் சம்பளம் வாங்கும் வேலையில், முதலில் ஊருக்கு நம்மேல் சந்தேகம் வரும். போகப்போக நமக்கே வந்துவிடும். பிள்ளை பெற்றவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எண்பத்தெட்டிலிருந்து ஒரு பல் சொத்தை ஆராய்ச்சியில் எழுத்து வேலை பார்க்கிறேன். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளிகளில் பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துச் சொல்வார்கள், நான் குறித்துக்கொள்வேன். என் மகள் ஜெனி தூங்கியபின்தான் இதை எழுத முடிகிறது. அவள் எதிரில் பல் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

காட்டு பார்க்கலாம்

நெமிலிச்சேரிப் பள்ளியில் ஓர் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொத்தை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நான்தான் விளக்குகிறேன் பேர்வழி என்று, பெண்ணின் கடவாய்ப் பல்லில் பூச்சி என்றேன். அவள் மகளை வெயிலுக்கு இழுத்துப்போய் வாயைப் பிளந்து தேடினாள். பிறகு வந்து டாக்டரின் கிண்ணத்தையும் எட்டிப் பார்த்தாள், நாங்கள் எடுத்து ஒளித்துவிட்டோமோ என்று.

“பூச்சி கீதுன்னு எழுதிகினியே, எங்க கீது காட்டு. இல்லாத பூச்சிய எம்பொண்ணு பேர்ல எழுதிட்டா, நாளைக்கு எவன் அவளக் கட்டுவான்?”

கூர்மையான கேள்வி

சொத்தையைக் கண்டுபிடிக்க டாக்டர்களிடம் வளைந்த ஊசி ஒன்று உண்டு. பல்லின் பள்ளத்தில் வைத்து அழுத்துவார்கள். வழுக்கினால் நல்ல பல், சிக்கினால் சொத்தை. குமணன்சாவடியில் ஒரு சிறுமி, முன்னால் நின்றவளுக்கு நடந்ததையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். அன்றிலிருந்து அந்த ஊசி பல்லில் இறங்கும்போதெல்லாம் நான் ஏட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன்.

“அக்கா, இவரு பாக்குறாரா, தோண்டுறாரா?”

ஒரே பல், இரண்டு விடை

காலையில் பெரிய டாக்டர் பார்த்த பிள்ளைகளில் சிலரை மத்தியானம் சின்ன டாக்டரும் பார்ப்பார். முதலில் என்ன சொன்னது என்று அவருக்குத் தெரியக் கூடாது. இருவர் கண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறையாம். ஒரு பையனின் பல் காலையில் சொத்தை, மத்தியானம் சுத்தம். எங்கள் கான்வென்ட்டில் ஒரே கணக்குக்கு இரண்டு விடை எழுதினால் சிஸ்டர் முட்டி போட வைப்பார். நான் பெரிய டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

“எல்லாப் பல்லுக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான்மா நீ சந்தேகப்படணும்.”

ஜெனியின் பல்

ஆறு வயது ஜெனிக்குப் புதிதாக முளைத்த கடவாய்ப் பல்லில் ஒரு கறுப்புக் கோடு. அது விழுந்து முளைக்கிற பல் இல்லை, ஆயுசுக்கும் அதுதான். ஊசி வைத்தால் இல்லாத குழி விழுந்துவிடுமோ, வைக்காவிட்டால் சொத்தை உள்ளே ஓடிவிடுமோ? அம்பத்தூர்ப் பள்ளிக்கு அவளையும் கூட்டிப்போனேன். பெரிய டாக்டர் ஊசியை எடுத்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முறைத்தார். அப்புறம் பஞ்சால் பல்லைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்து, வெறும் கறை என்றார்.

என் தொல்லை தாங்காமல் சொன்னாரோ? மத்தியானம் மற்றப் பிள்ளைகளோடு அவளைச் சின்ன டாக்டர் வரிசையிலும் நிறுத்தினேன். அவரையும் ஊசி தொடவிடவில்லை. அவரும் கறை என்றார். இருவரும் ஒரே மாதிரி! ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் வேறு பல் டாக்டர் போர்டு தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஜெனி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னொரு டாக்டர்கிட்ட போலாம்மா, ஆனா இந்தத் தடவை வாயை நீ திற.”

பல்லில் சொத்தை இல்லை என்று இருவர் சொல்லிவிட்டபடியால் அது என் மனசில்தான் இருக்க வேண்டும். அதையும் மூன்றாவதாக ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டால் தேவலை என்றிருக்கிறது.